நிழலுக்கு ஓக் மரம் வைக்கலாமா? (மேற்குப் பார்த்த வீடு, ஹொரமாவு)

மேற்குவாசல் | மார்ச் 23, மாலை 3:10

வணக்கம். இதை டைப் பண்ற நேரத்துல எங்க ஹால் சுவர்ல கை வைக்க முடியல. முப்பதுக்கு நாப்பது சைட், மேற்குப் பார்த்த வாசல், எதிர்ல காலி மனை. மதியம் ரெண்டு மணிக்கு வெயில் கேட்டைத் தாண்டினா ஆறு மணி வரைக்கும் சோபாவுல உட்கார்ந்துட்டுதான் போகுது. "பெங்களூர்ல ஃபேனே வேண்டாம்மா"ன்னு சொல்லித்தான் எங்க அப்பா 1994ல எனக்கு இந்த ஊர்ல மாப்பிள்ளை பார்த்தார்.

விஷயத்துக்கு வர்றேன். ஜனவரியில முசூரி போயிருந்தோம். வீட்டுக்காரர் ஒரு மரத்தடியில நின்னவர் நகரவே இல்ல. குளிர்காலத்துலயும் பச்சைப் பசேல்னு இருந்துச்சு, இலைக்கு அடிப்பக்கம் மட்டும் வெள்ளை. ஓக்காம். கீழ கிடந்த கொட்டையைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு வந்தார், வந்ததும் மறந்துட்டார். என் மாமியார் அது ஏதோ நாட்டு மருந்துன்னு நினைச்சு ஈரத்துணியில சுத்தி ஃப்ரிட்ஜ்ல காய்கறித் தட்டுல வெச்சிருக்காங்க. நேத்து பீன்ஸ் தேடறப்ப கிடைச்சுது. ஒன்பது கொட்டை.

இதை முளைக்க வெச்சு வாசல்ல நடலாமா? பக்கத்து வீட்டு அங்கிள், "ஓக்தானே, நர்சரியில சில்வர் ஓக் சல்லிசா கிடைக்கும், மூணு மாடி உயரம் போகும்"ங்கறார். எங்களுக்கு நம்ம நாட்டு மரமா இருக்கணும், எங்க பேரன் காலத்துலயும் நிக்கணும், நிழல் அடர்த்தியா விழணும்.

கேட்டுக்கு இடது பக்கம் ஆறடி அகலத்துக்கு மண் விட்டிருக்கோம். போர்டிகோவுக்கு அடியில சம்ப் (நிலத்தடித் தண்ணித் தொட்டி). கரண்ட் கம்பி எதிர்ச் சாரியில போகுது. நாலு வருஷம் முன்னாடி ஒரு தடவை மரம் வெச்சு ஏமாந்தோம், அது தனிக் கதை.

அல்சூர்வாசி | மார்ச் 23, மாலை 5:42

அம்மா, முதலில் பக்கத்து வீட்டுக்காரரைத் திருத்திவிடுவோம். சில்வர் ஓக் ஓக்கே கிடையாது. ஆஸ்திரேலியா மரம், கிரெவில்லியா என்ற இனம். ஓக்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வெள்ளைக்காரர்கள் போன இடத்தில் எல்லாம், ஊர் ஞாபகத்தில் கட்டை கொஞ்சம் ஒத்துப்போனால் ஓக் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இன்னும் இரண்டு பேர் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள். நம் பூவ மரத்துக்கு ஆங்கிலத்தில் சிலோன் ஓக். ஏரிக்கரையில் சிவப்புச் சரமாகப் பூத்துத் தொங்குமே நீர்க்கடம்பு, அதற்கு இந்தியன் ஓக். இரண்டும் ஓக் இல்லை. ஆனால் இரண்டும் நம் மரங்கள்.

உண்மையான ஓக், குவெர்கஸ் என்கிற இனம், இமயமலையிலும் வடகிழக்கிலும்தான் தானாக வளர்கிறது. விந்தியத்துக்குத் தெற்கே நமக்கென்று ஒரு ஓக் இல்லை. கேரளக் காட்டில் தேடினாலும் கிடைக்காது.

காப்பித்தோட்டம் | மார்ச் 23, இரவு 8:15

பெரியவர் சொன்னது கரெக்ட். நான் குடகுல இருக்கேன், மூணு தலைமுறையா தோட்டத்து வேலை. சில்வர் ஓக் எங்க சோறு, அதனால திட்ட மனசு வரல. ஆனா வீட்டு வாசலுக்கு வைக்காதீங்க.

தோட்டத்துல அதை ஏன் வைக்கறாங்கன்னா, நேரா விளக்குக் கம்பம் மாதிரி மேல போகும், அதுல மிளகுக் கொடி ஏத்தலாம், கீழ காப்பிக்கு வடிகட்டின வெயில் கிடைக்கும். வெட்டி விக்கறதுக்கு அலைச்சல் கம்மி. நாட்டு மரத்தை வெட்டணும்னா அனுமதி அது இதுன்னு நடக்கணும், இதுக்கு அந்தத் தொந்தரவு இல்ல. அதனாலதான் நந்தி, பலா, அத்தின்னு இருந்த நிழல் மரமெல்லாம் போய், மலை முழுக்க இது நிக்குது.

காப்பிக்குத் தேவையானது கோடு கோடான நிழல். உங்களுக்குத் தேவை குடை. இது குடை விரிக்காது. கிளை வேற முருங்கை மாதிரி, மே மாசக் காத்துல படார்னு ஒடியும். உதிர்ந்த இலை சீக்கிரம் மக்காது, மொட்டை மாடித் தண்ணிக் குழாய்ல போய் அடைச்சுக்கும்.

டெல்லி_ஆர்கேபுரம் | மார்ச் 23, இரவு 10:50

நான் டெல்லி. மலைக்கு வருஷா வருஷம் போற பைத்தியம், அதனால சொல்றேன். நீங்க பார்த்தது பான்ஜ். இலைக்கு அடியில வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தா அதேதான். முசூரி, நைனிதால், முக்தேஸ்வர் எல்லா இடத்துலயும் இதான் காடு. சுமார் 1,200 மீட்டர்ல ஆரம்பிச்சு 2,000 மீட்டருக்கு மேல வரைக்கும் போகும். ஊர் ஜனங்க இதைச் சாமி மாதிரி பார்ப்பாங்க. இலை மாட்டுக்குத் தீவனம், கட்டை அடுப்புக்கு, பான்ஜ் காடு இருக்கற சரிவுலதான் ஊத்து வத்தாதுன்னு சொல்வாங்க. பக்கத்துல 'சீட்'னு சொல்ற பைன் மரம் வந்துட்டா முகத்தைச் சுளிப்பாங்க.

பெங்களூர் 920 மீட்டர். உயரத்தைப் பார்த்தா "கொஞ்சம்தானே குறைச்சல்"னு தோணும். ஆனா மரம் உயரத்தைப் பார்க்கறதில்ல, குளிரைப் பார்க்குது. உங்க ஊர்ல இதுவரை பதிவான ரொம்பக் குளிரே 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரியில. பான்ஜ் பனியில மூழ்கி எழுந்திரிக்கற ஜாதி. இன்னொண்ணு, அதோட வேர்ல ஒரு பூஞ்சை ஒட்டி வாழும். அந்த மலை மண்ணு இல்லாம கன்று தேறாது. இங்க டெல்லியில குளிர் இருக்கே, ஏன் வரலன்னு கேட்டா, மே மாசம் 45 டிகிரியில நீங்களே வந்து பாருங்க.

கொட்டை விஷயத்துல உங்க மாமியாருக்கு ஒரு சலாம். ஓக் கொட்டை காய்ஞ்சா செத்துடும். வெளிய அலமாரியில வெச்சிருந்தா இந்நேரம் கோலிக்குண்டுதான். ஈரத்துணி, ஃப்ரிட்ஜ்... மலை நர்சரிக்காரன் செய்யறதை அவங்க தெரியாமலே செஞ்சிருக்காங்க. தண்ணியில போடுங்க. மிதக்கறதைத் தூக்கிப் போடுங்க, மூழ்கறதை மண்ல வைங்க. வாசலுக்கு இல்ல, ஆசைக்கு.

சாந்தோம்_பையன் | மார்ச் 24, காலை 7:30

ஓக்குக்குத் தமிழ்ல பேர் இருக்கு, யாரும் சொல்லல. வேதாகமத்துல கர்வாலி மரம்னு வரும். தாவீது ராஜா மகன் அப்சலோம் கோவேறு கழுதை மேல போறப்ப தலை மாட்டித் தொங்கினது அந்த மரத்துலதான். சண்டே ஸ்கூல்ல படம் வரையச் சொன்னப்ப நான் வேப்பமரம் வரைஞ்சேன். டீச்சர் ஒண்ணும் சொல்லல, அவங்களும் கர்வாலியைப் பார்த்ததில்ல.

நாட்டுமருந்து_நாகர்கோவில் | மார்ச் 24, காலை 9:05

மாமியார் நினைச்சது முழுத் தப்பும் இல்லை கேட்டியளா. பிள்ளைக்கு உரசிக் கொடுக்கற உரைமருந்துல மாசிக்காய் உண்டுல்லா? பேருல காய் இருக்கு, ஆனா அது காய் இல்லை. துருக்கி, ஈரான் பக்கம் ஒரு ஓக் செடி. அதுக்கக் கொம்புல ஒரு சின்னக் குளவி முட்டை வைக்கும். மரம் அதைச் சுத்தி உருண்டையா வீங்கும். அந்த வீக்கம்தான் மாசிக்காய். துவர்ப்பு அவ்வளவும் அதுல உண்டு, பழைய காலத்துல எழுதற மை செய்ததும் அதை வெச்சுத்தான். அப்போ ஓக் நம்ம வீட்டுக்குள்ள வந்து எத்தனையோ காலமாச்சு. மரமா வரல்ல, டப்பாவுல வந்தது.

ஆனா ஃப்ரிட்ஜ்ல இருக்கறதை உரசிக் கொடுத்துராதீங்க. அது வேற, இது வேற.

மேற்குவாசல் | மார்ச் 24, மதியம் 1:20

மாமியார்கிட்ட படிச்சுக் காட்டினேன். "பார்த்தியா, என்னைக் கேலி பண்ணினீங்களே"ன்னு ஒரே பெருமை. பேத்திக்கு யாரும் உரசல, பயப்படாதீங்க.

தண்ணியில போட்டேன். ஏழு மிதந்துச்சு, ரெண்டு மூழ்கிச்சு. ரெண்டையும் பழைய பெயின்ட் வாளியில வெச்சாச்சு.

சரி, வாசலுக்கு ஓக் இல்லைன்னு ஆயிடுச்சு. வேற எது? ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம்.

பன்னர்கட்டா_பாலு | மார்ச் 24, மதியம் 2:02

தூங்குமூஞ்சி மரம். பேச்சே கிடையாது. இந்த ஊர் பழைய ரோடுகள்ல நீங்க அனுபவிக்கற நிழல் பாதி அதுதான். நாட்டு மரம் நாட்டு மரம்னு இப்ப எல்லாரும் பஜனை பாடறாங்க, அது தென் அமெரிக்காக்காரன்தான், இருந்தாலும் நிழல் கொடுக்கறப்ப பாஸ்போர்ட்டா கேக்கறோம்?

அல்சூர்வாசி | மார்ச் 24, மாலை 4:30

பாலு தம்பி சொல்வதில் பாதி நியாயம். இந்த ஊரின் அழகே வந்தேறி மரங்களால்தான். லால்பாகை நடத்திய ஜெர்மானியர் கிரும்பிகல், ஒரு மரம் பூத்து முடிந்தால் இன்னொன்று தொடங்கவேண்டும் என்று கணக்குப் போட்டு வீதிகளில் நட்டார். ஜகரண்டா, தபெபூயா, குல்மோகர் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. நானும் அதன் அடியில் நடந்து வளர்ந்தவன்தான். பிறகு 1980களில் வனத்துறையில் நெகின்ஹால் என்ற அதிகாரி வந்து பதினைந்து லட்சம் கன்றுகள் நட்டார். எங்கள் தெருவில் நட்டதற்கு ஆளுக்கொரு குடம் தண்ணீர் ஊற்றியது ஞாபகம் இருக்கிறது.

ஆனால் தம்பி, தூங்குமூஞ்சி என்பது மைதானத்து மரம். எண்பது தொண்ணூறு அடிக்குக் கை விரிக்கும். அவர்களுடைய சைட்டே முப்பதடி. மரம் பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்குள்தான் தூங்கும்.

பன்னர்கட்டா_பாலு | மார்ச் 24, மாலை 4:51

அடியை நான் பார்க்கல ஐயா. வாபஸ். ஆனா "நாட்டு"ங்கற வாதம் எனக்கு இன்னும் புரியல. குல்மோகர் வைங்களேன், சின்னது.

காப்பித்தோட்டம் | மார்ச் 24, மாலை 6:10

பாலு அண்ணா, குல்மோகர் மடகாஸ்கர். அது பிரச்சனை இல்ல. நாலு கோடை மழையில எந்த மரம் ரோட்டுல படுத்துக் கிடக்குன்னு எண்ணிப் பாருங்க. குல்மோகர் ரெண்டு, மஞ்சள் பூ போடற பெல்டோபோரம் ஒண்ணு, ஆப்பிரிக்க டியூலிப் ஒண்ணு. கட்டை மெத்து, வேர் மேலோட்டம்.

இன்னொண்ணு, வெயில் உச்சத்துல குல்மோகர்ல இலை எங்க இருக்கு? பூதான் இருக்கும். ஃபோட்டோவுக்கு நிழல் தேவையில்ல, ஹாலுக்குத் தேவை. நம்ம சரக்கொன்றையும் அதே கேஸ்தான், நாட்டு மரம்னு சலுகை கொடுக்க முடியாது. சித்திரையில தங்கமா பூக்கும், இலை இருக்காது.

புங்கமரத்தடி | மார்ச் 24, இரவு 9:40

இந்தப் பேரை வெச்சுக்கிட்டு இவ்வளவு நேரம் சும்மா இருந்தது பெரிய விஷயம்.

அக்கா, காப்பித்தோட்டம் அண்ணன் சொன்னதுதான் முக்கியமான கேள்வி. எந்த மாசம் இலை இருக்கணும்? பெங்களூர்ல ஏப்ரல் 24 வாக்குல சூரியன் நேர் உச்சிக்கு வருது, நட்ட கம்புக்கு நடுப்பகல்ல நிழலே விழாது. ஆகஸ்ட் 18 வாக்குல திரும்ப ஒரு தடவை. ஆனா ஆகஸ்ட்ல மேகம் இருக்கும். ஆகவே மார்ச் கடைசியில இருந்து மே கடைசி வரைக்கும் எந்த மரம் முழு இலையோட நிக்குதோ, அதான் உங்க மரம். மத்த மாசம் எப்படி இருந்தா என்ன.

புங்கம் மாசி மாசம் இலையை மொத்தமா கொட்டும். பார்க்கறவங்க "போச்சு"ன்னு நினைப்பாங்க. உகாதிக்குள்ள தளதளன்னு இளம்பச்சையில மறுபடி போர்த்திக்கும். கன்னடத்துல ஹொங்கே. நர்சரியில ஹொங்கேன்னு கேளுங்க, புங்கம்னா முழிப்பாங்க. சித்திரை, வைகாசியில வெளிர் ஊதாப் பூ உதிர்ந்து வாசல் பொரி இறைச்ச மாதிரி இருக்கும், தேனீ ரீங்காரம் வேற. கிராமத்துல களத்துமேட்டுலயும் கிணத்தடியிலயும் ஏன் புங்கம் வெச்சாங்கன்னு ஒரு தடவை மே மாசம் ரெண்டு மணிக்கு அடியில கட்டில் போட்டுப் படுத்தா தெரியும். வேம்பு நிழல் சல்லடை, புங்க நிழல் போர்வை.

வேர் கீழ்நோக்கி ஆழமா இறங்கும். அவரைக் குடும்பம், மண்ணுக்குத் தழைச்சத்தைத் தானே சேர்க்கும். இலை கசப்பு, ஆடு மாடு பெருசா சீண்டாது. நட்டு நாலஞ்சு வருஷத்துல ஆள் நிக்க நிழல். நந்தனாருக்காக நந்தி விலகின திருப்புன்கூர்ல தல மரமே இதுதான், சிபாரிசுக்கு அதுக்கு மேல யார் வேணும்?

குறையும் சொல்லிடறேன். காய் உதிரும், பூ உதிரும், காரைக் கீழ நிறுத்தினா தினமும் துடைக்கணும்.

மல்லேஸ்வரம்_மாமி | மார்ச் 25, காலை 6:20

மகிழம் வைங்கோ. இலையே கொட்டாது, உருண்டையா குடை மாதிரி நிக்கும், ராத்திரி வாசனை. திருவொற்றியூர்ல சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தது மகிழ மரத்தடியிலதான்.

புங்கமரத்தடி | மார்ச் 25, காலை 6:58

மாமி, மகிழம் அருமை. ஆனா அது நிழல் தர்றதுக்குள்ள மேற்குவாசல் அக்காவோட பேத்திக்குக் கல்யாணம் ஆயிடும்.

மல்லேஸ்வரம்_மாமி | மார்ச் 25, காலை 7:15

ஆகட்டுமே. கல்யாணத்துக்குப் பூ ஆச்சு.

சத்தி_ரோடு | மார்ச் 25, காலை 10:12

ஏனுங்க, ஓக்கு ஓக்குன்னு ஆசைப்பட்டவங்களுக்குச் சிலோன் ஓக்கையே குடுக்கலாமுங்களே. பூவம். கன்னடத்துல சாகடெ. எங்க சத்தியமங்கலம் பக்கத்துக் காட்டுல நிக்கும். பங்குனியில புதுத் துளிர் வரும் பாருங்க, மரமே தீப்பிடிச்ச மாதிரி செவப்பு. பூவுன்னு நெனச்சுக் கிட்டப் போனா அத்தனையும் இலை. அப்புறம் பச்சையாகி, கோடை பூராவும் கும்முனு நிழல். பழம் புளிப்பு, உப்புத் தொட்டுச் சாப்பிடலாம். வடக்க இதை குசும்ங்கறாங்க, அரக்குப் பூச்சி வளக்கறதுக்குப் பேர் போன மரம். கட்டை இரும்பு. செக்கு ஒலக்கைக்குப் போனது, வண்டி அச்சுக்குப் போனது.

நூறு வருசம் நிக்கோணும்னா இதுதானுங்க. ஆனா மெதுவாத்தான் வரும், கன்னும் லேசுல கெடைக்காது. வனத்துறை நர்சரியில கேட்டுப் பாக்கோணும்.

மேற்குவாசல் | மார்ச் 25, காலை 11:30

இலை சிவப்பா வர்ற மரமா! வீட்டுக்காரர் இதைப் படிச்சதுல இருந்து ஓக்கை மறந்துட்டார். எனக்கு நாலஞ்சு வருஷத்துல நிழல் வேணும். அவருக்கு நூறு வருஷம் வேணும். இடம் ஒண்ணு.

கலவைக்காரன் | மார்ச் 25, மதியம் 12:45

கட்டட வேலை பார்க்கறவன். யாரும் சம்ப் பத்திப் பேசல.

மரத்து வேர் அஸ்திவாரத்தை உடைக்கும்னு பயம் காட்டுவாங்க. அது பெரும்பாலும் கரிசல் மண் கதை. கரிசல் ஈரத்துல உப்பும், காஞ்சா சுருங்கும், மரம் தண்ணியை உறிஞ்சினா தரை இறங்கும். பெங்களூர்ச் செம்மண் அவ்வளவு ஆடாது. வேர் சுவரைத் தேடிப் போய் இடிக்காது, தண்ணியைத் தேடிப் போகும். சம்ப் கசியுதுன்னா அதுக்கு விருந்து. ஆகவே நடறதுக்கு முன்னாடி சம்ப்பைக் காலி பண்ணி விரிசல் பாருங்க, உள்பக்கம் பூச்சு அடிங்க. சம்ப் சுவருக்கும் மரத்துக்கும் பத்தடியாவது விடுங்க. ஆலு, அரசு, அத்தி வகையறா மட்டும் கிட்டவே வேண்டாம், அதுங்க விரிசலுக்குள்ள விதை விழுந்தே முளைக்கறவங்க.

அப்புறம் மேஸ்திரி வந்து "சுத்தமா இருக்கட்டும்"னு மரத்தோட கழுத்து வரைக்கும் சிமெண்ட் போடுவார். விடாதீங்க. நாலுக்கு நாலு மண்ணு திறந்திருக்கணும். நம்ம தொழில்லதான் அதிக மரம் சாகுது, வெட்டி இல்ல, பூசி.

மேற்குவாசல் | மார்ச் 25, மதியம் 2:40

போன தடவை ஏமாந்த கதையை இப்ப சொல்லிடறேன். ஒரு நர்சரியில பத்தடி உயரத்துல வேப்பங்கன்று, "உடனே நிழல்"னு நல்ல விலைக்குக் கொடுத்தாங்க. ஆட்டோ டாப்புல கட்டிக் கொண்டு வந்தோம். மூணு வருஷம் தண்ணி ஊத்தினேன், ஒரு அங்குலம் வளரல. போன மே மாசம் ஒரு காத்து, அப்படியே சாஞ்சுடுச்சு. தூக்கிப் பார்த்தா வேர் எல்லாம் ஜிலேபி மாதிரி சுத்திச் சுத்தி, பை எவ்வளவோ அவ்வளவுலயே நிக்குது. மண்ணுக்குள்ள ஒரு வேர் கூட இறங்கல.

தோட்டக்கலை_ஓய்வு | மார்ச் 25, இரவு 8:30

முப்பது வருஷம் கன்று வளர்த்துக் கொடுத்தவள் சொல்கிறேன், மேற்குவாசல் அம்மா. உங்கள் வேம்பு பையிலேயே செத்துவிட்டது, அது சாய மூன்று வருஷம் ஆயிற்று, அவ்வளவுதான். உயரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். இடுப்பு உயரம், பென்சில் கனம், ஒரு வயசுக் கன்று போதும். வாங்கும்போதே பையின் அடியைத் தடவிப் பாருங்கள். துளை வழியாகத் தடித்த வேர் வெளியே வந்து தரையில் ஊன்றியிருந்தால் அது கிழவி, வேண்டாம்.

இப்போது குழியை வெட்டிப் போடுங்கள், ஜூன் வரை காயட்டும். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் என்று எல்லோரும் சொல்வார்கள். புதிய லே அவுட்டில் தோண்டினால் முதல் ஒன்றரை அடியில் செங்கல் துண்டு, ஜல்லி, சிமெண்ட் மூட்டைச் சாக்கு வரும். அதற்குக் கீழே மொரம்பு, கடப்பாரை துள்ளும். ஆழத்தைவிட அகலம் முக்கியம். முடிந்தால் நாலடிக்கு நாலடி அகலப்படுத்துங்கள். குழிச் சுவரை வழவழப்பாக விடாமல் கடப்பாரையால் கொத்திக் காயப்படுத்துங்கள். வழவழப்பான குழி என்பது பெரிய தொட்டி, வேர் அங்கேயும் ஜிலேபி சுற்றும். குழியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் வரை நின்றால் அடியில் வடிகால் இல்லை, இன்னும் உடைக்க வேண்டும்.

மேல் மண்ணோடு நன்றாக மக்கிய எரு நாலில் ஒரு பங்கு. அதற்கு மேல் வேண்டாம். குழிக்குள் விருந்து வைத்தால் வேர் வெளியே போகச் சோம்பல்படும்.

நடும்போது பையைக் கிழித்து எடுங்கள். "தானா மக்கிடும்" என்று பையோடு நடுகிற ஆள் இன்னும் இருக்கிறார்கள். சுற்றிய வேர் இருந்தால் கத்தரியால் மூன்று இடத்தில் வெட்டுங்கள், மனசு கேட்காது, வெட்டுங்கள். தண்டு வேராக மாறும் இடம் மண்மட்டத்தில் தெரிய வேண்டும். நம் ஆட்கள் கன்று சாயாமல் இருக்க முழங்கை ஆழத்துக்குப் புதைப்பார்கள், கழுத்து அழுகிவிடும். பக்கத்தில் ஒரு கம்பு, எட்டுப் போட்டுத் தளர்வாகக் கட்டு, ஒரு வருஷத்தில் அவிழ்க்க வேண்டும். காற்றில் ஆடினால்தான் தண்டு பருக்கும்.

தண்ணீர் தினம் ஒரு சொம்பு ஊற்றுவது பாவம். வேர் மேலேயே நிற்கும். முதல் இரண்டு கோடையில் வாரம் இரண்டு முறை, ஒரு முழு வாளி, மெதுவாக. அடியில் காய்ந்த இலையை நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டைத் தொடாமல்.

எந்த மரம் என்று சண்டை போடுகிறீர்கள். குழி சரியில்லை என்றால் எதுவும் வேம்புதான்.

கலவைக்காரன் | மார்ச் 25, இரவு 8:52

வாளித் தண்ணி சோதனை சூப்பர் மேடம். நாங்க இதையேதான் சோக் பிட்டுக்கு (தண்ணி மண்ணுக்குள்ள இறங்கற குழி) செய்வோம்.

வக்கீல்_குமாஸ்தா | மார்ச் 26, காலை 9:30

சின்ன விஷயம். கர்நாடகாவுல 1976ம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. நீங்களே நட்டு, உங்க சைட்லயே நின்னாலும், பெருசான பிறகு வெட்டணும்னா மர அதிகாரி அனுமதி வேணும். "அப்புறம் பிடிக்கலன்னா வெட்டிக்கலாம்"னு யோசிச்சு நடாதீங்க. காம்பவுண்டுக்கு உள்ள நடுங்க. வெளிய நடைபாதையில நட்டா அது உங்க மரம் இல்ல, கேபிள்காரன் மரம்.

சத்தி_ரோடு | மார்ச் 26, காலை 10:05

ரெண்டும் வெக்கலாமுங்க. வாசல்ல புங்கம். பூவத்தை எங்காச்சும் ஏரிக்கரையில, கோயில் நெலத்துல, கேட்டு வெச்சுப்போடுங்க. வூட்டுக்காரருக்கு நூறு வருசம் ஆச்சு, உங்களுக்கு நெழல் ஆச்சு.

மேற்குவாசல் | ஜூலை 14, மாலை 6:20

இழையைத் தூசி தட்டறேன். குழி தோண்டறப்ப என்னென்ன வந்துச்சுன்னு லிஸ்ட்: செங்கல் பதினாலு, ஒரு பான்பராக் மாலை, மேஸ்திரி தொலைச்சதா சொன்ன ரசமட்டம். வாளித் தண்ணி ரெண்டாவது நாளும் நின்னுச்சு. மறுபடி ஆள் வெச்சு உடைச்சோம், அப்புறம் அரை நாள்ல வடிஞ்சுது. சம்ப்ல மயிரிழை விரிசல் இருந்துச்சு, கலவைக்காரன் தம்பிக்கு நன்றி.

ஜூன் கடைசியில ஹொங்கே வெச்சாச்சு. இடுப்பு உயரம்தான். பக்கத்து வீட்டு அங்கிள் எட்டிப் பார்த்து, "இதுவா? கீரை மாதிரி இருக்கு"ன்னார். பூவம் கன்று மூணு நர்சரி ஏறி இறங்கி ஒண்ணு கிடைச்சுது. அவர் ஆபீஸ் நண்பரோட அப்பா ஹோசூர் பக்கம் நிலம் வெச்சிருக்கார், வரப்புல நட்டுட்டு வந்தோம். வர்ற வழியெல்லாம் "இது சிலோன் ஓக்"னு அவருக்கே ரெண்டு தடவை சொல்லிக்கிட்டார்.

பெயின்ட் வாளியில ஒரு கொட்டை முளைச்சிருக்கு! மூணு இலை. ஓரத்துல ரம்பப்பல்.

டெல்லி_ஆர்கேபுரம் | ஜூலை 14, இரவு 11:15

முளைச்சிருச்சா! நிழல்ல வைங்க, கிழக்கு பால்கனி. பெருசா நம்பிக்கை வைக்காதீங்க. ஆனா ஃபோட்டோ போடுங்க.

மேற்குவாசல் | அடுத்த வருஷம், மே 9, மதியம் 3:35

அவசரம். புங்கம் இலை முழுக்கப் பொட்டுப் பொட்டா வீங்கி, அம்மை போட்ட மாதிரி இருக்கு. நோயா? மருந்து அடிக்கணுமா? பூச்சிமருந்துக் கடைக்காரர் ஏதோ ஒண்ணு எடுத்து நீட்டறார்.

புங்கமரத்தடி | மே 9, மாலை 4:01

கடையை விட்டு வெளிய வாங்க அக்கா. அது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் வேலை, புங்கத்துக்கு அது கூடப் பிறந்தது. அம்மை இல்லாத புங்கத்தை நான் பார்த்ததே இல்ல. மரம் கண்டுக்காது. உயரம் எவ்வளவு இப்ப?

மேற்குவாசல் | மே 9, மாலை 4:20

என்னை விட ஒரு முழம் அதிகம். நாலு மணிக்கு நிழல் கேட்டுக் கம்பியில மூணாவது கம்பி வரைக்கும் வருது. ஹாலுக்கு வர இன்னும் நாள் ஆகும். ஆனா பால்காரர் அதுக்குள்ள சைக்கிளை அங்கதான் நிறுத்தறார்.

நாட்டுமருந்து_நாகர்கோவில் | மே 9, மாலை 5:02

மாசிக்காயும் இதே மாதிரி வீக்கம்தான். உங்க வீட்டு வாசல்ல இப்போ ஒரு சின்ன ஓக் வேலை நடக்கு.

டெல்லி_ஆர்கேபுரம் | மே 9, இரவு 10:40

எல்லாரும் புங்கத்தைப் பத்தியே பேசறீங்க. வாளியில இருந்த பான்ஜ் என்ன ஆச்சு?

மேற்குவாசல் | மே 10, காலை 7:10

டிசம்பர், ஜனவரியில நல்லா இருந்துச்சு, ஏழு இலை வரைக்கும் வந்துச்சு. மார்ச் கடைசியில ஒவ்வொண்ணா ஓரம் கருகிச்சு. ஏப்ரல் பத்தாம் தேதிக்கு மேல குச்சிதான். மாமியார் இன்னும் பத்து நாள் தண்ணி ஊத்திப் பார்த்தாங்க. இப்ப அந்த வாளியில கறிவேப்பிலை வெச்சிருக்காங்க.

முத்தின இலை ஒண்ணை எடுத்து வெச்சிருக்கேன். அடிப்பக்கம் இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு.